இரண்டு கதிரை, ஒரே ஆள்

ஹட்டன் நகரில் ஒரு சொற்பொழிவு என்றால் தேயிலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். சம்பளத்துக்கும் கடைசியில் வருவேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டு. அதிலும் ஒரு சின்னஞ்சிறு மூலை: இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டிய ஆட்டத்தை, ஒருவரே இரண்டு பக்கமும் இருந்து ஆடிப் பழகுவது. கேட்டவுடன் சிரிப்பு வருகிறது அல்லவா? ஆள் கிடைக்காதவன் பொழுது போக்கச் செய்யும் வேலை, தன்னோடு தானே ஆடி தானே ஜெயிக்கும் வேலை என்று தோன்றுகிறது அல்லவா? அது வெறும் பொழுதுபோக்கல்ல, பயிற்சிகளில் ஆகக் கடினமான பயிற்சி அதுதான் என்பது என் வாதம். அதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். தனியாக ஆடுவது என்றவுடன் நம் பெண்களுக்குப் பாண்டி நினைவு வரும். பல்லாங்குழியில் ஒருவர் மட்டுமே ஆடும் வகை ஒன்று உண்டு, சீதைப் பாண்டி என்று அதற்குப் பெயர். அசோக வனத்தில் சிறையிருந்த சீதை துணையின்றி ஆடியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அசோக வனம் எங்கே என்று நுவரெலியாக்காரரிடம் கேட்டால் ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதா எலியவைக் கை காட்டுவார். ஆகவே தனியாட்டத்துக்குத் தலைநகரம் நம் மலையகம்தான் என்று நாம் பெருமையடித்துக்கொள்ளலாம், யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் சீதைப் பாண்டி ஒருவருக்கென்றே அமைந்த ஆட்டம். அதில் எதிராளி என்று ஒருவர் கிடையாது. நான் பேச வந்தது வேறு. எதிராளி இருந்தே தீர வேண்டிய ஆட்டம், அந்த எதிராளியின் கதிரை மட்டும் காலி. அந்தக் காலிக் கதிரையில் யார் உட்காருவது?

எடுத்துக்காட்டுக்கு ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இதற்குச் செலவே இல்லை. வீட்டு முன்புறத்து ஸ்தோப்பின் சிமெந்துத் தரையில் கரிக்கட்டியால் நாலு கோடு இழுத்தால் பலகை ஆயிற்று. ஆட்டுக்குப் புளியங்கொட்டை போதும், புலிக்கு மூன்று கூழாங்கல் போதும். இலங்கைக் காட்டில் புலி கிடையாது, தேயிலைக்குள் வந்துபோவது சிறுத்தை. அயலில் சிங்களக் கிராமங்களில் ஆடும் இதே குடும்பத்து ஆட்டத்தில் சிறுத்தைதான் வரும். ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘ஏன்ஷியன்ட் சிலோன்’ நூலில் அந்த ஆட்டங்களைப் படம் போட்டு எழுதியிருக்கிறார். நம் ஆட்டத்தில் அது புலியாகவே இருக்கட்டும். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். பரவலாக ஆடுவது இப்படி: உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து அடிக்கோட்டில் முடியும் ஒரு கூம்பு, அதன் குறுக்கே மூன்று கிடைக்கோடுகள் கொண்ட ஒரு பெட்டி. கோடுகள் வெட்டும் புள்ளிகளை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று கிடைக்கோட்டிலும் ஆறாறாக 18, அடியில் 4, ஆக 23. புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை ஓர் ஆடும் நகரக்கூடாது. ஒவ்வோர் ஆட்டுக்கும் பதிலாக ஒரு புலி ஓரடி நகரும். பக்கத்துப் புள்ளியில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். புலிகள் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இப்போது ஆட்டுக்காரர் கதிரையில் உட்காருங்கள். புலி தாண்ட வேண்டுமானால் ஆட்டுக்கு இந்தப் பக்கம் புலியும் அந்தப் பக்கம் காலிப் புள்ளியும் வேண்டும். கோடு முடிந்துபோகும் இடத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்ட முடியுமா? முடியாது. அப்படிப்பட்ட இடங்கள் எவை? உச்சி, பெட்டியின் நான்கு மூலை, அடிக்கோட்டின் இரண்டு முனை, ஆக ஏழு. ஏழு ஆட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஏழும் பத்திரம். அதோடு முடியவில்லை. மூலைகளில் ஆடு நின்றுவிட்டால் பக்கக் கோட்டின் நடுப்புள்ளியும் பத்திரமாகிவிடுகிறது. அடிக்கோட்டின் உள் இரண்டும் அப்படியே. ஏனென்றால் தாண்டிய புலி இறங்குவதற்கு இடமில்லை. இப்படி ஓரத்திலிருந்து ஒன்றுக்கு ஒன்று முதுகு கொடுத்து உள்ளே வந்தால் பதினோர் ஆடு வரை சேதமில்லாமல் இறங்கிவிடும். அதன் பிறகு உள்ளே வருவதற்கும் வழி திறந்திருக்கும். ஆட்டுக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆட்டத்தையே கண்டுபிடித்துவிட்டோம், இனி யார் வந்தாலும் தோற்கடிக்கலாம் என்று தோன்றும். ஆட்டுப் பக்கம் மட்டுமே ஆடிப் பழகியவர் அந்த மகிழ்ச்சியோடு அங்கேயே நின்றுவிடுவார்.

அப்படியே எழுந்து எதிர்க் கதிரைக்குப் போங்கள். இப்போது நீங்கள் புலி. ஒரு நிமிடத்துக்கு முன் நீங்களே கட்டிய கோட்டை உங்களை நோக்கி வருகிறது. என்ன செய்வீர்கள்? பழக்கமில்லாத புலிக்காரர் நடுவில் நின்று ஆட்டைத் துரத்துவார். நடுவில் நின்றால் எல்லாப் பக்கமும் வழி இருக்கிறதே என்று நினைப்பார். ஆனால் ஆடாக இருந்து பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு ஒன்று தெரியும்: ஆட்டுக்கு வேண்டியது மூலை. அப்படியானால் புலி போய் அந்த மூலையில் உட்கார வேண்டும்! பெட்டியின் கீழ் மூலையில் ஒரு புலி குந்தியிருந்தால், மேல் மூலை காலியாக இருக்கும்வரை, பக்கக் கோட்டின் நடுவில் வைக்கும் ஆடு பத்திரமில்லை. அடிமுனையில் இன்னொன்று இருந்தால், அடிக்கோட்டில் அதற்குப் பக்கத்து ஆடும், அப்பால் இடம் காலியாக இருக்கும்வரை, பத்திரமில்லை. மூன்றாவது புலி மட்டும் முன்னும் பின்னுமாக நடந்து தன் முறையைக் கழிக்கலாம், மற்ற இரண்டும் இடம் விட்டு அசைய வேண்டியதில்லை. துரத்துவது புலியின் பலம் அல்ல, ஆட்டுக்கு வேண்டிய இடத்தை மறிப்பதுதான் பலம். இந்த உண்மையைப் புலிக் கதிரையிலேயே காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவர் கண்டுபிடிப்பது கடினம். ஆட்டுக் கதிரையிலிருந்து எழுந்து வந்தவர் கண்டுபிடிக்கிறார். சரி, புலி மூலையைப் பிடித்துவிட்டது, இப்போது மறுபடி ஆட்டுக் கதிரைக்கு வாருங்கள், பழைய திட்டம் செல்லுமா? செல்லாது. புதிதாக யோசிக்க வேண்டும். இப்படி நீங்கள் இங்கும் அங்குமாக மாற மாற ஆட்டமும் ஆழமாகிக்கொண்டே போகிறது. என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்: தனியாக ஆடுபவர் எதிராளி இல்லாமல் ஆடுவதில்லை, எதிராளியாகவே ஆகிப் பார்க்கிறார்.

இதற்குச் சான்று வேண்டுமா? 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரலை வெளியே சொன்னது. அதற்குச் சதுரங்கத்தின் விதிகளை மட்டும் கொடுத்தார்கள். மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றையும் காட்டவில்லை. ஆசான் இல்லை, எதிராளி இல்லை. தன்னோடு தானே ஆடி ஆடிப் பழகியது. பிறகு அந்நாளில் உச்சத்தில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் நிரலோடு நூறு ஆட்டம் ஆடியபோது 28இல் வென்றது, 72இல் சமன் செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. எதிர்க் கதிரையில் தானே உட்காருவதால் ஒன்றும் கற்க முடியாது என்றால் இது எங்கிருந்து கற்றது?

இயந்திரத்தை விடுங்கள், மனிதரைப் பார்ப்போம். 1942இல் அட்லாந்திக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரித்தானியச் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. லிவர்பூல் நகரில் டர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தில், கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவரோடு வேலை பார்த்த இளம் பெண்களும் தரையில் கட்டம் போட்டு, குட்டிக் கப்பல்களை நகர்த்தி ஆடினார்கள். ஜெர்மானியத் தளபதி ஒருவரை அழைத்து வந்து எதிரே உட்கார வைக்க முடியுமா? முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தையும் இவர்களே ஆடினார்கள். நான் நீர்மூழ்கியாக இருந்தால் எங்கிருந்து வருவேன் என்று கேட்டுப் பார்த்ததில்தான், எதிரி வெளியே நின்று சுடவில்லை, பின்புறமாக அணிவகுப்புக்குள்ளேயே நுழைந்து உள்ளிருந்து சுடுகிறான் என்பது பிடிபட்டது. அதன்படி காவல் கப்பல்கள் எப்படித் திரும்பி வளைக்க வேண்டும் என்று முறை வகுத்தார்கள். அதற்கு ராஸ்ப்பெரி என்று பெயர் வைத்தவர் ஜீன் லெயிட்லோ என்ற இளம் பெண். கடல் கடந்த ஒரு கூடத்துத் தரையில் ஆடிய ஆட்டம்தான், ஆனால் அதை நம்பிக் கப்பல்கள் போயின.

சரி, இனி எதிர்வாதத்துக்கு வருவோம். முதலாவது, எல்லோரும் சொல்வது: என் திட்டம் எனக்கே தெரியும், அப்புறம் என்ன ஆட்டம்? திகைப்பு இல்லாத ஆட்டம் உப்பில்லாத குழம்பு அல்லவா? நியாயமான கேள்வி. சில ஆட்டங்களுக்கு இது முழுக்கவும் பொருந்தும். நமக்கெல்லாம் பிடித்த 304 சீட்டாட்டத்தைத் தனியாக ஆட முடியுமா? துரும்பு எது என்பதை நீங்களே மறைத்து வைத்துவிட்டு, நீங்களே அறியாதவர் போலக் கேள்வி கேட்க முடியுமா? அங்கே ஆட்டத்தின் உயிரே மறைப்பில் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், 304க்கு நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் ஆடுபுலியில் எது மறைவு? சதுரங்கத்தில் எது மறைவு? தாம் ஆட்டத்தில் எது மறைவு? எல்லாம் பலகையில் பட்டவர்த்தனமாகக் கிடக்கிறது. அங்கே எதிராளி நம்மைத் திகைக்க வைத்தான் என்றால், கண் முன்னால் இருந்ததை நாம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பார்க்கத் தவறுவதைக் குறைக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தே ஆக வேண்டும். மேலைநாடுகளில் குட்டிப் பொம்மைப் படைகளை மேசையில் பரப்பி ஆடுகிறார்களே, 1913இல் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிப்புத்தகமே எழுதினாரே, அந்த ஆட்டக்காரர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். தனியாக ஆடுவதற்கென்றே டொனால்ட் ஃபெதர்ஸ்டன் 1973இல் ஒரு நூல் எழுதினார். அவர்களிடையே இன்றும் புழங்கும் ஓர் உபாயம் எளிமையானது: எதிர்ப் படைக்கு இரண்டு மூன்று வழிகளை முன்கூட்டியே எழுதிவை, எந்த வழியில் வருவது என்பதை உருட்டும் கட்டை சொல்லட்டும். நம்மிடம் தாயக்கட்டையும் சோழியும் இல்லையா?

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது, நான் உண்மையில் அஞ்சுவதும் இதற்குத்தான். தனியாக ஆடுபவர் இரண்டு பக்கமும் நேர்மையாக இருப்பாரா? ஒரு பக்கத்தை மனதுக்குள் ‘நம் பக்கம்’ என்று வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தைக் கொஞ்சம் மந்தமாக ஆட வைக்கமாட்டாரா? வைப்பார், அன்பர்களே, வைப்பார். சின்னப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரிய பெரிய தளபதிகளே வைத்திருக்கிறார்கள். 1942 மே மாதம், யமாட்டோ என்ற போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் மிட்வே தீவுத் தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்கர் பக்கத்தையும் ஜப்பானியரே ஆடினர். ஃபுச்சிடா, ஒகுமியா என்ற இரு அதிகாரிகள் போருக்குப் பின் எழுதிய நூல் அங்கே நடந்ததைச் சொல்கிறது. கட்டையை உருட்டியதில் ஜப்பானியக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டு விழுந்தது என்று கணக்கு வந்தது, அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கின. தலைமை நடுவராக இருந்த தளபதி உகாகி அதை ஏற்கவில்லை. ஒன்பதை மூன்றாக்கினார். அகாகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் எழுந்து வந்தது! ஒரு மாதம் கழித்து, ஜூன் 4ஆம் தேதி, உண்மையான கடலில் சண்டை நடந்தது. அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்று நான்கு விமானந்தாங்கிகளை ஜப்பான் அந்தச் சண்டையில் இழந்தது. அந்த நான்கில் காகா தவிர்ந்த மூன்றும், அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மீது குண்டுபோட விமானங்களை அனுப்பியவை.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தீர்களா, தனக்குத்தானே ஆடினால் இப்படித்தான் ஆகும் என்று யாராவது சொல்லலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. மேசை அவர்களுக்கு உண்மையைச் சொன்னது. கட்டையும் உண்மையைச் சொன்னது. எதிர்க் கதிரைக்குக் கிடைத்த வெற்றியை அந்தக் கதிரையிடமிருந்து பிடுங்கியதுதான் பிழை. ஆகவே தனியாக ஆடுபவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: வைத்த காயை எடுக்கக்கூடாது, விழுந்த கட்டையை மாற்றக்கூடாது. வெட்டுப்பட்ட புளியங்கொட்டை பலகைக்கு வெளியேதான் கிடக்க வேண்டும். இதற்கு உதவியாக ஒவ்வொரு பக்கமும் என்ன நினைத்து நகர்த்தியது என்பதை ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். கதிரை மாறும்போது எழுந்து நிஜமாகவே மறுபக்கம் போய் உட்காரலாம், அல்லது காலையில் ஆட்டையும் மாலையில் புலியையும் நகர்த்தலாம். இடைவெளி விட்டால் காலையில் இருந்த ஆசை மாலையில் அவ்வளவு உரக்கப் பேசாது. ஸ்டெஃபான் ஸ்வைக் தன் கடைசிக் காலத்தில் எழுதிய சதுரங்கக் கதையில் வரும் கைதி தன்னோடு தானே ஆடிப் புத்தி பேதலித்துப் போகிறானே என்று இலக்கியம் படித்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கைதிக்குப் பலகையும் இல்லை, பேச ஆளும் இல்லை, பொழுதுக்கும் வேறு வேலையும் இல்லை, எல்லாம் மண்டைக்குள்ளேயே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மழையில் கொழுந்து பறித்து, மாலையில் அரை மணி நேரம் ஸ்தோப்பில் குந்தும் ஆளுக்கு அந்த ஆபத்து வராது.

மூன்றாவது, இளைஞர்கள் கேட்பது: கையில் போன் இருக்கிறது, அதில் நிரல் இருக்கிறது, எந்நேரமும் ஆட ஆயத்தமாக எதிராளி இருக்கிறான், பிறகேன் தனியாக? போனில் ஆடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போன் உங்களைத் தோற்கடிக்கும், ஏன் தோற்றீர்கள் என்று சொல்லாது. சொன்னாலும் விடையைச் சொல்லும், யோசனையைச் சொல்லாது. 2024 டிசம்பரில் தன் 18ஆம் வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளரான சென்னைப் பிள்ளை குகேஷின் கதை இங்கே பொருந்தும். அவருக்குச் சிறுவயதில் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, கணினி நிரல்களின் உதவியை நெடுங்காலம் வேண்டுமென்றே தள்ளிவைத்தார். பலகையைப் பார்த்து, இரு பக்கத்துக்கும் தானே கணக்குப் போட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

சம்பளத்துக்கு வருவதாகச் சொன்னேன். 1992இல் அரசிடமிருந்த தோட்டங்கள் 22 கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, கூட்டு ஒப்பந்தம் என்ற பெயரில் எத்தனை பேச்சுவார்த்தை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்பது கடைசியில் அந்த மேசையில் முடியவில்லை, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் வந்தது. எந்தப் பேச்சுவார்த்தையிலும் எதிர்க் கதிரை என்ன சொல்லும்? கொழும்பு ஏல விலை என்பார்கள், உற்பத்திச் செலவு என்பார்கள், கென்யாவில் ஓர் ஆள் பறிக்கும் கிலோ என்பார்கள். இவை இன்று நேற்று வந்த வாதங்கள் அல்ல, ஒவ்வொரு முறையும் வருபவை. மேசைக்குப் போகும் முன் நம் பிரதிநிதி ஒருவர் ஒரு மாலை முழுக்கக் கம்பனிக் கதிரையில் உட்கார்ந்து, அந்தக் கணக்கை அவர்களைவிட நன்றாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? எதிரியின் வாதத்தைப் பேசிப் பார்ப்பது துரோகம் என்று நினைக்கும் மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது. உகாகியும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்.

நாலு பேர் கூடிச் சிரித்து ஆடுவதுதானே விளையாட்டு, இது என்ன தவம் என்று இன்னொரு குரல் கேட்கிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. தனியாட்டம் கூட்டாட்டத்துக்கு மாற்று என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் நிலைமையைப் பாருங்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு லயத்தில் ஆடுபுலி விதி தெரிந்தவர் ஒரே ஒரு பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம். அவருக்கு எதிரே உட்கார யாருமில்லை. அப்போது அந்த ஆட்டம் என்ன ஆகும்? அவர் இரண்டு பக்கமும் ஆடிக் காட்டினால், பக்கத்தில் குந்தியிருக்கும் பேரப்பிள்ளை இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் அது எதிரே வந்து உட்காரும்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பெரியவர்களைக் கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் புலிகளை முதலில் எங்கே வைப்பார்கள்? எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி? அடுத்தடுத்து இரண்டு ஆட்டை ஒரே முறையில் தாண்டலாமா? பக்கத்து டிவிஷனில் வேறு கணக்குச் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு விதியையும் தனியாக உட்கார்ந்து, கதிரை மாறி மாறி ஆடிப் பாருங்கள். எந்த விதியில் புலிக்குச் சும்மா வெற்றி கிடைக்கிறது, எதில் ஆட்டுக்கு, எதில் கடைசிவரை சொல்ல முடியாமல் இழுபடுகிறது என்று கொப்பியில் குறித்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.